இரவில் எழுப்பும் சிறுநீரும் ஆண் ஹார்மோனும்: முழுமையான வழிகாட்டி

ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் பலர், ராத்திரியில் இரண்டு மூன்று முறை எழுந்து சிறுநீர் கழிக்கப் போவதை வயதின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். வேறு சிலர் ‘புராஸ்டேட்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இப்போது விளம்பரங்கள் மூன்றாவதாக ஒரு காரணத்தைச் சொல்கின்றன: ஆண் ஹார்மோன் குறைந்துவிட்டது, ஏற்றிக்கொண்டால் சரியாகிவிடும். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. அதில் உங்களுக்குப் பொருந்துவது எது என்பதை, ரத்தம் கொடுப்பதற்கு முன்பே, ஓர் அளவுக் குவளையும் ஒரு நோட்டும் வைத்துப் பெருமளவு கண்டுபிடித்துவிடலாம். ஹார்மோனை அளப்பதற்கு முன் சிறுநீரை அளக்க வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டியின் வரிசை.

எதை ‘இரவுச் சிறுநீர்த் தொல்லை’ என்கிறோம்?

தூங்கிக்கொண்டிருப்பவர் சிறுநீர் கழிப்பதற்காகவே விழித்து எழுவதை மருத்துவத்தில் ‘நாக்டூரியா’ என்கிறார்கள். தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருக்கும்போது, சும்மா இருப்பதற்குப் போய்விட்டு வரலாம் என்று எழுவது இதில் சேராது. இரவில் ஒரு முறை எழுவது நடுவயதுக்குப் பிறகு சாதாரணம். இரண்டு முறையோ அதற்கு மேலோ போகும்போதுதான் தூக்கம் கெட்டு, பகலில் அசதியும் எரிச்சலும் தெரியத் தொடங்குகின்றன.

இதற்கான காரணங்கள் நான்கு வகைக்குள் அடங்கும்:

- நாள் முழுவதும் சிறுநீர் அதிகமாக உற்பத்தியாவது
- இரவில் மட்டும் அதிகமாக உற்பத்தியாவது
- சிறுநீர்ப்பையால் போதுமான அளவு தேக்கிவைக்க முடியாமல் போவது
- தூக்கமே கெட்டுப்போய், விழித்த பிறகு சிறுநீர் உணர்வு வருவது

ஒருவருக்கு இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கலாம்.

டெஸ்டோஸ்டிரோன் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

டெஸ்டோஸ்டிரோனைப் பெரும்பாலும் விரைகள் சுரக்கின்றன. எப்போது, எவ்வளவு என்று உத்தரவிடுவது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. தூங்கத் தொடங்கியதும் ரத்தத்தில் இதன் அளவு ஏறும், விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும், மாலைக்குள் இறங்கிவிடும். முப்பது, நாற்பது வயதுக்குப் பிறகு ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் குறைவது இயல்பு.

அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழ் இருந்தால் குறைவு என்கிறது. ஆனால் எண் மட்டும் போதாது, அறிகுறியும் சேர்ந்து இருக்க வேண்டும். ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையிலான 3,000-க்கும் மேற்பட்ட ஆண்களை ஆராய்ந்து 2010-இல் வெளிவந்த ஆய்வு, வயதையொட்டிய ஹார்மோன் குறைவுக்கு நம்பகமான அடையாளங்களாக மூன்றைச் சொன்னது: தாம்பத்திய நாட்டம் குறைவது, காலையில் தானாக வரும் விறைப்பு குறைவது, உறவின்போது விறைப்பு நிற்காமல் போவது. இந்த மூன்றும் இருந்து ரத்த அளவும் குறைந்திருந்தவர்கள் ஏறக்குறைய 2 சதவீதம் பேர்தான். ‘நாற்பதைத் தாண்டினாலே ஹார்மோன் குறைவு’ என்று பயமுறுத்தும் விளம்பரத்தைப் பார்க்கும்போது இந்த 2 சதவீதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் எங்கே சந்திக்கின்றன?

ஹார்மோன் குறைந்தால் சிறுநீர் அதிகமாகும் என்று நேர்கோடு போட முடியாது. இரண்டும் நான்கு இடங்களில் சந்திக்கின்றன.

*தூக்கம்.* டெஸ்டோஸ்டிரோன் ஏறுவதே உறக்கத்தில்தான் என்பதால், தூக்கம் துண்டுபட்டால் அந்த ஏற்றம் பாதிக்கப்படும். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான இளைஞர்கள் 10 பேரை ஒரு வாரம் இரவுக்கு 5 மணி நேரம் மட்டும் தூங்கவைத்தார்கள். பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் வரை குறைந்தது. முடிவுகள் 2011-இல் வெளியாயின. வயதால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வரும் இறக்கம் ஒரே வாரத்தில் வந்துவிட்டது. ஆகவே இரவில் பல முறை எழுபவருக்கு ஹார்மோன் குறைவாக இருந்தால், எது காரணம், எது விளைவு என்று உடனே சொல்லிவிட முடியாது.

*புராஸ்டேட்.* சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயை மோதிரம்போலச் சுற்றியிருக்கும் சுரப்பி இது. டெஸ்டோஸ்டிரோன் இங்கே ஒரு நொதியால் டி.எச்.டி. என்ற வீரியமான வடிவத்துக்கு மாறி, சுரப்பியை வளரவைக்கிறது. டொமினிகன் குடியரசில் பிறவியிலேயே இந்த நொதி குறைந்திருந்த சிலரைப் பற்றி 1974-இல் அறிவியல் உலகம் அறிந்தது. வளர்ந்த பிறகும் அவர்களுடைய புராஸ்டேட் சிறியதாகவே இருந்தது. அந்தக் கவனிப்பிலிருந்து பிறந்ததுதான் ஃபினாஸ்டிரைடு மாத்திரை. புராஸ்டேட் வீக்கத்துக்காக அமெரிக்காவில் 1992-இல் அனுமதி பெற்றது.

அப்படியென்றால் வயதாகி ஹார்மோன் குறையும்போது புராஸ்டேட் சுருங்க வேண்டுமே? சுருங்குவதில்லை. புராஸ்டேட்டுக்குத் தேவைப்படும் ஹார்மோன் கொஞ்சம்தான். ரத்தத்தில் அளவு குறைந்த பிறகும் அந்தத் தேவை நிறைவேறிவிடுகிறது. அதனால்தான் ஒருவருக்கே ஹார்மோன் குறைவும் புராஸ்டேட் வீக்கமும் சேர்ந்து இருக்க முடிகிறது.

*தொப்பையும் சர்க்கரையும்.* வயிற்றுக் கொழுப்பு டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். இரண்டாம் வகை நீரிழிவு உள்ள ஆண்களில் கணிசமானவர்களுக்கு ஆண் ஹார்மோன் குறைவாக இருக்கிறது. ரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால் அது சிறுநீரில் இறங்கும், கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். ஒரே நோய் ஹார்மோனையும் குறைத்து, ராத்திரியில் எழுப்பவும் செய்கிறது.

*குறட்டை.* தூக்கத்தில் மூச்சு அடைபட்டு அடைபட்டுத் திறக்கும் நோய் இருந்தால், அடைப்பை மீறி மூச்சை இழுக்கும் முயற்சியில் இதயத்தின் மேலறை விரிகிறது. உடலில் நீர் அதிகமாகிவிட்டது என்று இதயம் தவறாகக் கணித்து, உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும் ஹார்மோனைச் சுரக்கிறது. சிறுநீர்ப்பை நிறைகிறது, டெஸ்டோஸ்டிரோனும் குறைகிறது. புராஸ்டேட் மாத்திரை எத்தனை மாதம் சாப்பிட்டாலும் இந்த வகை இரவுச் சிறுநீர் அடங்காது.

படி 1: மூன்று நாள் நோட்டு போடுங்கள்

அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்றைக் கழிவறையில் வையுங்கள். மூன்று நாள், ஒவ்வொரு முறையும் அதில் கழித்து, நேரத்தையும் மில்லிலிட்டர் அளவையும் எழுதுங்கள். படுத்த நேரம், எழுந்த நேரம், எப்போது என்ன குடித்தீர்கள் என்பதும் வேண்டும். மூன்று நாளும் அடுத்தடுத்து இருக்க வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் நாள்களைத் தேர்ந்துகொள்ளலாம்.

ஒரு விதியை மட்டும் மறக்க வேண்டாம். படுக்கப் போகும் முன் கழிப்பது பகல் கணக்கு. நடுராத்திரியில் எழுந்து கழிப்பவையும், காலையில் எழுந்ததும் முதலில் கழிப்பதும் இரவுக் கணக்கு. காலையில் வருவது இரவில் உற்பத்தியான சிறுநீர்தானே!

படி 2: மூன்று கணக்குப் போடுங்கள்

*மொத்த அளவு.* 24 மணி நேரத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 40 மி.லி.க்கு மேல் போனால் மொத்த உற்பத்தியே அதிகம். 65 கிலோ எடை உள்ளவருக்கு இந்த எல்லை 2,600 மி.லி.

*இரவுப் பங்கு.* இரவுக் கணக்கை மொத்த அளவால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 33 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இரவு உற்பத்தி அதிகம் என்று பொருள். இளைஞர்களுக்கு இந்த எல்லை 20 சதவீதம். நடுவயதுக்காரர்களுக்கு இரண்டுக்கும் இடையில் வைத்துப் பார்ப்பார்கள்.

*ஒரு முறைக்கு எவ்வளவு?* வளர்ந்த ஆணின் சிறுநீர்ப்பை சாதாரணமாக 300 முதல் 400 மி.லி. வரை வசதியாகத் தேக்கும். ஒவ்வொரு முறையும் 100, 120 என்று மட்டுமே போனால், பிரச்சினை உற்பத்தியில் இல்லை. பையில் அல்லது வெளியேறும் வழியில் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. 68 வயதான ஒருவர் இரவில் இரண்டு முறை எழுந்து 250, 250 மி.லி., காலையில் 300 மி.லி. கழிக்கிறார். இரவுக் கணக்கு 800. நாளின் மொத்தம் 1,800. இரவுப் பங்கு 44 சதவீதம். இவருடைய பை நன்றாகத்தான் தேக்குகிறது. இரவில் சிறுநீரகம் அதிகமாக உற்பத்தி செய்கிறது. இன்னொருவரும் இரண்டு முறைதான் எழுகிறார். ஆனால் ஒவ்வொரு முறையும் 110 மி.லி., காலையிலும் 110. நாளின் மொத்தம் 1,500. இரவுப் பங்கு 22 சதவீதம். வெளியே பார்த்தால் இருவருக்கும் ஒரே தொல்லை. ஆனால் முதலாமவர் கால் வீக்கம், உப்பு, குறட்டை பக்கம் தேட வேண்டும். இரண்டாமவர் புராஸ்டேட், சிறுநீர்ப்பை பக்கம் தேட வேண்டும்.

படி 3: விடையை வைத்துக் காரணத்தைத் தேடுங்கள்

*மொத்த அளவே அதிகம் என்றால்:* சர்க்கரை நோய், அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கும் பழக்கம், சிறுநீரகக் கோளாறு. நீரிழிவுக்குத் தரப்படும் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை; அவையும் சிறுநீரைக் கூட்டும்.

*இரவுப் பங்கு மட்டும் அதிகம் என்றால்:* மாலையில் கணுக்கால் வீங்குகிறதா என்று பாருங்கள். பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி சிறுநீராகிறது. நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்களுக்கும், ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடும் சிலருக்கும் இந்த வீக்கம் வரும். இதயம் பலவீனமாக இருந்தாலும் வரும். வீக்கம் இல்லையென்றால் குறட்டையைப் பற்றி வீட்டில் கேளுங்கள். ‘மூச்சு நின்று நின்று வருகிறது’ என்று மனைவி சொன்னால் அது முக்கியமான தடயம். இவை தவிர, இரவில் சிறுநீரைக் குறைக்கும் வாசோபிரசின் ஹார்மோனின் இரவு நேர ஏற்றம் வயதாக ஆகச் சிலருக்கு மங்கிவிடுகிறது.

*ஒரு முறைக்கான அளவு குறைவு என்றால்:* சிறுநீர் வர நேரமாவது, மெலிதாக வருவது, முக்கிக் கழிப்பது, முடிந்த பிறகும் சொட்டுவது ஆகியவை புராஸ்டேட் வீக்கத்தைக் காட்டும். அடக்க முடியாத அவசரம் என்றால் சிறுநீர்ப்பையின் துடிப்பு கூடியிருக்கலாம். எரிச்சல் இருந்தால் தொற்றையும் பார்க்க வேண்டும்.

*மூன்று கணக்கும் சரியாக இருந்தால்:* தூக்கம்தான் முதலில் கெட்டிருக்கிறது. மனக்கவலை, மூட்டுவலி, தூக்கமின்மை ஆகியவற்றைக் கவனியுங்கள்.

படி 4: நான்கு வாரம் வீட்டிலேயே முயலுங்கள்

உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டிய அறிகுறிகள் (பின்னால் பட்டியல் இருக்கிறது) இல்லையென்றால், இந்த மாற்றங்களைச் செய்து பாருங்கள்.

- *உப்பு.* ஜப்பானின் நாகசாகியில் நடந்து 2017-இல் அறிவிக்கப்பட்ட ஆய்வில், தினசரி உப்பை 10.7 கிராமிலிருந்து 8 கிராமாகக் குறைத்தவர்கள் இரவில் எழுவது சராசரியாக 2.3 முறையிலிருந்து 1.4 முறையாகக் குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 5 கிராமுக்குக் கீழ். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்ஸர் இவற்றை இரவுச் சாப்பாட்டிலிருந்து முதலில் எடுத்துவிடுங்கள்.
- *நீர்.* பகலில் தாராளமாகக் குடியுங்கள். படுப்பதற்கு மூன்று மணி நேரத்துக்கு முன்பிருந்து குறைத்துக்கொள்ளுங்கள். டம்ளர் ரசம், மோர், பால், தர்பூசணி எல்லாமே இந்தக் கணக்கில் வரும்.
- *காபி, டீ, மது.* மாலைக்குப் பிறகு காபியும் டீயும் வேண்டாம். மது தூக்கத்தையும் கெடுக்கும், சிறுநீரையும் கூட்டும்.
- *கால் வீக்கம்.* மாலையில் ஒரு மணி நேரம் கால்களை உயர்த்தி வைத்துப் படுங்கள். தேங்கிய நீர் படுக்கும் முன்பே வெளியேறிவிடும்.
- *நீர் மாத்திரை.* மாலையிலோ இரவிலோ சாப்பிடுகிறீர்கள் என்றால் நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம்.
- *எடை.* தொப்பை குறைந்தால் சர்க்கரை, குறட்டை, டெஸ்டோஸ்டிரோன் மூன்றுமே சரியான பக்கம் நகரும். ஊசி இல்லாமல் ஆண் ஹார்மோனை உயர்த்தும் வழிகளில் இது உறுதியானது.
- *வெளிச்சம்.* கழிவறைக்குப் போகும் வழியில் சின்ன இரவு விளக்கு போடுங்கள். வயதானவர்கள் இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வது பல சமயம் இந்த நடையில்தான். எழுந்ததும் ஒரு நிமிடம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டு நடங்கள்.

நான்கு வாரம் கழித்து மறுபடியும் மூன்று நாள் நோட்டு போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 5: மருத்துவரிடம் போகும்போது

இரண்டு நோட்டுகளையும், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள். பொது மருத்துவரிடமோ சிறுநீரகவியல் மருத்துவரிடமோ தொடங்கலாம். வழக்கமாக எழுதித்தரும் பரிசோதனைகள்: சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தச் சர்க்கரை மற்றும் மூன்று மாதச் சராசரி, கிரியேட்டினின், சோடியம், பி.எஸ்.ஏ. (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை), வயிற்று ஸ்கேன். ஸ்கேனில் சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மீதி நிற்கிறது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏழு கேள்விகள் கொண்ட புராஸ்டேட் மதிப்பெண் தாளையும் நிரப்பச் சொல்வார்கள். 7 வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20-உம் அதற்கு மேலும் கடுமை.

படி 6: ஹார்மோன் பரிசோதனை யாருக்கு, எப்போது?

இரவில் எழுகிறீர்கள் என்பதற்காக மட்டும் டெஸ்டோஸ்டிரோன் பார்க்க வேண்டியதில்லை. முன்பு சொன்ன மூன்று அடையாளங்களில் ஏதாவது இருந்தால் பாருங்கள். காரணமில்லாமல் தசை மெலிவது, மார்பு பெருப்பது, எலும்பு எளிதில் முறிவது, குழந்தையின்மை ஆகியவை இருந்தாலும் பாருங்கள்.

பார்ப்பதென்றால் முறையாகப் பாருங்கள்:

- காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள். மாலையில் எடுத்தால் சரியாக இருப்பவருக்கும் குறைவாகக் காட்டும்.
- காய்ச்சலின்போதோ, மருத்துவமனையில் சேர்ந்திருக்கும்போதோ வேண்டாம்.
- முந்தின இரவு சரியாகத் தூங்காமல் போகாதீர்கள்.
- குறைவு என்று வந்தால் வேறொரு நாள் காலையில் மறுபடி பாருங்கள். இரண்டு முறையும் குறைந்தால்தான் குறைவு.
- உறுதியானால், கோளாறு விரையிலா பிட்யூட்டரியிலா என்று அறிய எல்.எச்., புரோலாக்டின் என்ற பிட்யூட்டரி ஹார்மோன்களின் பரிசோதனைகள் தேவைப்படும்.

படி 7: சிகிச்சையில் எது எதற்கு?

*புராஸ்டேட் அடைப்புக்கு* டம்சுலோசின், சைலோடோசின் போன்றவை தசையைத் தளர்த்தி வழிவிடும். எழும்போது தலைசுற்றலாம். ஃபினாஸ்டிரைடு, டூடாஸ்டிரைடு சுரப்பியைச் சுருக்கும். பலன் தெரிய ஆறு மாதம் ஆகும். இவை பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாக்கிக் காட்டும் என்பதால், சாப்பிடுவதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. இரவு உற்பத்தி அதிகம் என்றால் இந்த மாத்திரைகளால் எழும் எண்ணிக்கை பெரிதாகக் குறையாது.

*மூச்சடைப்புத் தூக்க நோய்க்கு* இரவில் காற்றை அழுத்தித் தரும் சிபாப் கருவி. இதைச் சரியாகப் பயன்படுத்தும் பலருக்கு இரவில் எழுவது குறைந்துவிடுகிறது.

*இரவு உற்பத்திக்கு* டெஸ்மோபிரசின். இது வாசோபிரசினின் வேலையைச் செய்யும். ரத்தத்தில் சோடியத்தை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடக்கூடியது, 65 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். சோடியம் பரிசோதனை இல்லாமல் தொடக்கூடாத மருந்து.

*ஹார்மோன் குறைவு உறுதியானவர்களுக்கு* டெஸ்டோஸ்டிரோன் ஊசி அல்லது ஜெல். குறைவு நிரூபணமான ஆண்களிடம் இந்தச் சிகிச்சையால் இரவில் எழுவதும் குறைந்ததாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-இல் தெரிவித்தார்கள். நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் அளவு சரியாக இருப்பவர்களுக்கு இது பொருந்தாது, இரவுச் சிறுநீருக்கென்று அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையும் இல்லை.

இந்தச் சிகிச்சையைத் தவிர்க்க வேண்டியவர்கள்: புராஸ்டேட் அல்லது மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள், விரைவில் குழந்தை பெற விரும்புபவர்கள் (வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் விந்தணு உற்பத்தி ஒடுங்கிவிடும்), ரத்தச் சிவப்பணு அடர்த்தி அதிகமானவர்கள், மூச்சடைப்புக்குச் சிகிச்சை பெறாதவர்கள், புராஸ்டேட் மதிப்பெண் 19-ஐத் தாண்டியவர்கள். இதய நோய் ஆபத்துள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்து 2023-இல் வெளிவந்த ‘டிராவர்ஸ்’ ஆய்வில், மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப்போவதும், நுரையீரலில் ரத்தம் உறைவதும் சற்று அதிகமாகத் தெரிந்தன. எனவே தொடங்கிய பிறகும் சிவப்பணு அடர்த்தியையும் பி.எஸ்.ஏ.வையும் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

- சிறுநீரில் ரத்தம்
- சிறுநீர் அடைபட்டு அடிவயிறு வலிப்பது
- குளிர்காய்ச்சலோடு எரிச்சல்
- பெரியவர் திடீரெனப் படுக்கையை நனைக்கத் தொடங்குவது (பை நிரம்பி வழிவதாக இருக்கலாம்)
- படுத்தால் மூச்சுத் திணறல்
- முதுகுவலியோடு கால் பலமிழப்பது
- தாகமும் எடை குறைவும் சேர்ந்து வருவது

அடிக்கடி வரும் கேள்விகள்

*தண்ணீரையே நிறுத்திவிட்டால்?* உடல் வறண்டு, சிறுநீர் அடர்ந்து, கல்லும் தொற்றும் வரும். குடிக்கும் நேரத்தை மாற்றுங்கள், நாளின் மொத்த அளவைக் குறைக்காதீர்கள்.

*ஃபினாஸ்டிரைடு ஆண் ஹார்மோனைக் குறைக்குமா?* டி.எச்.டி.யைத்தான் குறைக்கும். டெஸ்டோஸ்டிரோன் குறையாது. இருந்தாலும் சிலருக்குத் தாம்பத்திய நாட்டம் குறையலாம். அப்போது மருத்துவரிடம் சொல்லுங்கள்.

*ஆண்மைக்கு என்று விற்கும் லேகியமும் பொடியும்?* உள்ளே இருப்பது என்னவென்று எழுதப்படாத எதையும் வாங்காதீர்கள். ஆங்கில மருந்துகளைக் கலந்து விற்ற சரக்குகள் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. இதயத்துக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்தக் கலப்படம் உயிரையே பறிக்கலாம்.

*எல்லாவற்றையும் செய்தும் ஒரு முறை எழுகிறேன்?* எழுந்து போய்விட்டு வந்ததும் தூக்கம் பிடித்துவிடுகிறது, பகலில் தெம்பாக இருக்கிறீர்கள் என்றால் அதற்கு மருந்து எதுவும் தேவையில்லை.